தம்பி, லேபிளையும் போட்டோ எடுத்து அனுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

உன் பிளாண்டு ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய கீபோர்டுகளை எடுத்து நீ அனுப்பிய போட்டோக்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. போனிலேயே சொல்லலாம் என்று பார்த்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "மீட்டிங்ல இருக்கேம்ப்பா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய், கூப்பிடுவதில்லை. அதனால் கடையில் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். நிதானமாகப் படி. பாதியில் மூடி வைத்துவிடாதே.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். கட்டில் மேல் நடுவில் பெரிதாகக் கிடப்பது ஐபிஎம் மாடல் எம் கீபோர்டு மாதிரிதான் தெரிகிறது. ஆனால் மேலே இருந்து எடுத்த போட்டோவை வைத்து எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருப்பிப் போட்டு லேபிளை எடு. பார்ட் நம்பர், தயாரித்த தேதி எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். 1391401 என்று இருந்தால் உலகத்தில் அதிகமாகப் புழங்கிய ரகம். 1991-இல் ஐபிஎம் அந்தப் பிரிவைப் பிரித்து லெக்ஸ்மார்க் ஆக்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் செய்தவற்றின் லேபிளில் லெக்ஸ்மார்க் பெயர் இருக்கும். 1996-இல் அவர்களும் நிறுத்திவிட்டார்கள். ஐபிஎம் 1978-இல் இந்தியாவை விட்டுப் போய், 1992-இல் டாடாவோடு சேர்ந்துதான் திரும்பி வந்தது. ஆகவே உன் லேபிளில் 89, 90 என்று தேதி இருந்தால், உங்கள் பிளாண்டுக்கு வெளிநாட்டில் இருந்து வந்த ஏதோ மெஷினோடு கூட வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

கையில் தூக்கினாலே தெரியும், ரெண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு கீகேப்பை, அதாவது கீயின் மேல் மூடியை, அடியில் தண்டு தனியாக இருந்தால் அதையும் சேர்த்துப் பிடுங்கிப் பார், நடுவில் மெல்லிய ஸ்பிரிங் நிற்கும். அழுத்தும்போது அந்த ஸ்பிரிங் ஒரு கட்டத்தில் பக்கவாட்டில் மடிந்து, கீழே இருக்கிற சின்னத் தகட்டைத் தட்டிவிடும். அந்த 'டக்' சத்தம் அதுதான். அப்புறம் போர்டைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துப் பையக் குலுக்கு. உள்ளே பொடிப் பொடியாக உருண்டால், பின் தகட்டைப் பிடித்திருக்கிற பிளாஸ்டிக் ரிவிட் உடைந்து உதிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்றிரண்டு போனால் பரவாயில்லை. நிறையப் போயிருந்தால் துளை போட்டுச் சின்ன போல்ட் முடுக்க வேண்டும், அதை இங்கே கொண்டு வந்தால் நான் செய்து தருகிறேன். நீயாக அங்கே திறக்காதே. சரியான சாக்கெட் இல்லாமல் அந்த ஸ்க்ரூவைத் திருகினால் தலை தேய்ந்து போகும்.

இதெல்லாம் உனக்கே தெரியும். பத்தாவது லீவில் கடையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே இது செர்ரி கம்பெனி ஸ்விட்ச், இது ரப்பர் கீ என்று சொன்ன பையன் நீ. பிரிண்டர் ரிப்பேருக்கு வந்த பாங்க் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு எத்தனை பேரிடம் சொன்னார் தெரியுமா? இன்றைக்கும் கடைக்கு வந்தால் உன்னைத்தான் முதலில் விசாரிப்பார். நானும் நல்லா இருக்கான் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் ஒன்று கேட்கிறேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ போர்டைப் பார்த்திருக்கிறாய், சேர்த்து வைத்திருக்கிறாய். ஒன்றைக்கூட என்ன விலைக்குப் போகும் என்று கேட்டதில்லை. இந்தத் தடவை போட்டோவுக்குக் கீழே முதல் வரியே அதுதான். கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

சரி, அடுத்தது. கறுப்பாக, ஸ்பேஸ்பார் பக்கத்தில் கீறல் விழுந்தது, அது டிவிஎஸ் கோல்ட். அதைத் தெரியாதவன் மதுரையில் இருக்க முடியுமா? இதைக்கூட அதில்தான் அடிக்கிறேன். 1911-இல் இங்கே சுந்தரம் ஐயங்கார் ஆரம்பித்த கம்பெனியின் பெயர், புனே பிளாண்டு வரைக்கும் போய் ஸ்டோர் ரூமில் கிடந்திருக்கிறது பார். அதில் ரூபாய்க் குறி அச்சிட்டிருக்கிறதா என்று பார். அந்தக் குறி 2010-இல்தான் வந்தது. குறி இருந்தால் அதற்குப் பிந்தியது. இல்லாவிட்டால் பழையதாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒரு கீகேப்பை எடுத்தால் கீழே கூட்டல் குறி மாதிரி தண்டு, நீல நிறத்தில் இருக்க வேண்டும். செர்ரி என்ற பெயர் ஸ்விட்ச் மேலேயே பொறித்திருக்கும். பேர் இல்லாமல் வெறும் நீலமாக இருந்தால் மற்றக் கம்பெனி ஸ்விட்ச்.

செர்ரி பெயர் போட்ட வெள்ளை போர்டுக்கும் அதே கதைதான், திருப்பி லேபிளைப் பார். ஜி80 என்று தொடங்கினால் நல்ல எம்எக்ஸ் ஸ்விட்ச். ஜி81 வேறு ஸ்விட்ச், ஜி83 ரப்பர். மேலே பார்க்க மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். லேபிளைப் பார்க்காமல் விலை பேசினால் ஏமாறத்தான் வேண்டும், யாரிடமும் அவசரப்பட்டுப் பேசிவிடாதே.

டெல் ஏடி101 ஒன்று கிடக்கிறது. அதன் கீகேப்பைக் குறடு போட்டு இழுக்காதே. அதில் இருப்பது ஆல்ப்ஸ் கம்பெனி ஸ்விட்ச்சாக இருக்கும், அநேகமாகக் கறுப்பு. கூட்டல் குறி இருக்காது, நீளவாக்கில் ஒரு பொந்து, அதில் கீகேப்பின் நாக்கு போய் உட்காரும். கம்பியை வளைத்து ரெண்டு பக்கமும் கொடுத்து நேராகத் தூக்கினால்தான் அந்த நாக்கு உடையாமல் வரும். ஆல்ப்ஸுக்குத் தூசிதான் எமன். தூசி போன போர்டு என்ன துடைத்தாலும் சொரசொரவென்றுதான் அழுந்தும். அந்த ஸ்டோர் ரூமில் எத்தனை வருஷம் மூடாமல் கிடந்ததோ.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆச்சரியம் கட்டில் கால்மாட்டில் கிடக்கிற நீளப் போர்டு. பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் வரிசையில் 'ஹெல்ப்', 'டூ' என்று ரெண்டு கீ இருக்கிறது, எஸ்கேப் கீயைக் காணோம். அது டிஜிட்டல் என்ற கம்பெனியின் எல்கே201. 1982-இல் வந்தது, விடி220 டெர்மினலோடும் கொடுத்தார்கள்; டெர்மினல் என்றால் பெரிய கம்ப்யூட்டரோடு கம்பியில் இணைத்து வைக்கிற திரை. இன்றைக்கு எல்லா போர்டிலும் தலைகீழ் 'டி' வடிவத்தில் அம்புக் கீ இருக்கிறதே, அது பரவியது இதில் இருந்துதான். முனையில் டெலிபோன் பின் மாதிரி இருக்கும். அதை எந்த ஜாக்கிலும் செருகிப் பார்க்காதே. நேராக நம் கம்ப்யூட்டரில் ஓடாது. அதற்காக எடைக்குப் போட்டுவிடாதே. அந்த டெர்மினலும் ஸ்டோரில் கிடந்ததா? அதை யார் கொண்டு போனார்கள்?

இது எனக்கு விளங்கவில்லை தம்பி. டெர்மினல், கீபோர்டு என்று ஸ்டோர் ரூமையே துடைத்து வெளியே போடுகிறார்கள் என்றால் பிளாண்டில் என்ன நடக்கிறது? புதுச் சரக்கு வாங்குகிறார்களா, இடம் மாற்றுகிறார்களா? நம் ஊரில் ஒரு மில் ஆபீஸில் எல்லாவற்றையும் கழித்துப் போட்டு மேஜை நாற்காலி முதல் லாரியில் ஏற்றியதை நாம் ரெண்டு பேரும் நின்று பார்த்தோம், ஞாபகம் இருக்கும். அங்கே அப்படி எதுவும் இருக்காது. இருக்காது என்றுதான் அம்மாவிடமும் சொன்னேன்.

ஆனால் போட்டோவைப் பெரிதாக்கினால் போர்டு மட்டுமா தெரிகிறது? அக்கா கல்யாணத்தன்று வீடியோவில் காட்டிய அறைக்கு மஞ்சள் சுவர், ரெண்டு ஜன்னல். இந்த அறையில் சுவர் ஓதம் பிடித்திருக்கிறது, ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது. ஆணியில் கம்பெனி ஐடி கார்டு நாடா தொங்குகிறது, பிளாஸ்டிக் உறையும் இருக்கிறது, உள்ளே கார்டைக் காணோம். கார்டு உன் பாக்கெட்டில் இருந்திருக்கலாம். அம்மா அதைக் கவனிக்கவில்லை. அவள் கேட்டதெல்லாம், பையன் சட்டையெல்லாம் ஏன் பையிலேயே இருக்கு, பீரோ இல்லையா என்றுதான்.

உன் அக்காவிடம் கேட்டால், "அவன் நல்லாத்தான் இருக்கான், நீங்க சும்மா இருங்கப்பா" என்று வெடுக்கென்று சொல்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எங்களுக்குத் தெரியக் கூடாது என்று ரெண்டு பேரும் பேசி வைத்திருக்கிறீர்கள். பிள்ளைகள் ஒற்றுமையாக இருப்பது நல்லதுதான். எங்களை விட்டுவிட்டு ஒற்றுமையாக இருப்பதுதான் வலிக்கிறது.

மீதி போர்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃப்1 முதல் எஃப்10 வரை இடது பக்கம் ரெண்டு வரிசையாக இருப்பது பழைய ஐபிஎம் எக்ஸ்டி கம்ப்யூட்டர் காலத்து அமைப்பு. அடியில் எக்ஸ், ஏ என்று சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா பார். இருந்தால் ஏ பக்கம் தள்ளி வை. முனை ஒன்றுபோல இருந்தாலும் எக்ஸ்டியும் அதற்கு அடுத்து வந்த ஏடியும் பேசிக்கொள்ளாது. விண்டோஸ் கீ இருந்தால் அநேகமாக 95-க்குப் பிறகு வந்தது. லேபிள் கிழிந்திருந்தால் உள்ளே சிப்பைப் பார். 8932 மாதிரி நாலு எண் இருந்தால் 1989-ஆம் வருஷம் 32-ஆவது வாரம் என்று அர்த்தம். கூடு மஞ்சள் பூத்து, கீ மட்டும் வெள்ளையாகவே இருந்தால் கீ நல்ல பிளாஸ்டிக், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவு, நன்றாகக் காய வை. அமுக்கினால் கொழகொழவென்று போகிற ரெண்டு போர்டையும் எடைக்கே போட்டுவிடு, அதில் ஒன்றும் இல்லை. மற்ற எதையும் விற்காதே. திரும்பவும் சொல்கிறேன், லேபிளைப் போட்டோ எடுக்காமல், என்னிடம் கேட்காமல் விற்காதே. பணம் அவசரம் என்றால் அதைத் தனியாகச் சொல்லு. மாடி வாடகை வருகிறது, கடையிலும் ஏதோ ஓடுகிறது. இந்த மாசம் நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

இங்கே செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வெயில் இப்போதே தாளவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி இருக்கத்தான் செய்கிறது, தைலம் தேய்க்கிறாள். மாமா மகன் திருப்பூரில் வேலையை விட்டுக் கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிட்டான். வந்து ரெண்டு மாசம் சும்மாதான் இருந்தான். மாமா ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. சாப்பிட்டான், தூங்கினான், சாயங்காலம் நம் கடைக்கு வந்து உட்கார்ந்திருப்பான். இப்போது மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு இடத்தில் சேர்ந்திருக்கிறான். இப்போது சம்பளம் கம்மிதான், ஆனால் முகம் தெளிஞ்சு போச்சு. நம் வீட்டில் யாரும் இதற்கெல்லாம் மூஞ்சியைத் திருப்புகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

சித்திரைத் திருவிழா வருகிறது. லீவு கிடைக்குமா கிடைக்காதா என்று யோசிக்காமல் புறப்பட்டு வா. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு ரெண்டு நாள் முந்தியே வந்துவிடு, கூட்டத்தில் கோரிப்பாளையம் பக்கம் அங்கிட்டு இங்கிட்டு அலையாமல் வீட்டுக்கு வந்து சேரலாம். போர்டுகளையும் மூட்டையாகக் கட்டிக் கொண்டு வா. ரயிலில் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம். அந்த ஐபிஎம் ரிவிட் வேலையை நீ செய், எனக்கு இப்போது கண் முன்னே மாதிரி இல்லை.

அதுவரைக்கும் சோதித்துப் பார்க்க, பழைய முனையை யூஎஸ்பிக்கு மாற்றுகிற ஒரு கன்வெர்ட்டர் எடுத்து வைத்திருக்கிறேன். கடையில் சல்லிசாகக் கிடைக்கிற வெறும் முனை மாற்றியில் மாடல் எம் ஓடாது, உள்ளே சிப் இருக்கிற மாற்றி வேண்டும், இது அந்த ரகம். கூடவே கீகேப் எடுக்கிற கம்பி, அம்மா சுட்ட முறுக்கு, பருப்புப் பொடி. பார்சல் கட்டியாகிவிட்டது. பழைய அட்ரஸை எழுத மனசு வரவில்லை. இப்போது இருக்கிற இடத்தின் அட்ரஸை, பின்கோடோடு சேர்த்து அனுப்பு. மெசேஜில் வேண்டாம், போன் பண்ணிச் சொல்லு. கூரியர்க்காரர் ஏழு மணிக்கு வருவார். அதற்குள் கூப்பிட்டால் இன்றைக்கே போட்டுவிடுவேன். தாமதமானாலும் கூப்பிடு, கடையைச் சாத்தாமல் இருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா