தோழரும் தேசபக்தரும் ஒரே சட்டையில்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு, மாமா எழுதுகிறேன்.

குடும்ப குரூப்பில் நீ போட்ட வீடியோவைப் பார்த்தேன். ஹிட்லர் கட்சியின் பெயரிலேயே 'சோசலிஸ்ட்' இருக்கிறது, 'தொழிலாளர்' இருக்கிறது, அப்புறம் அவர் இடதுசாரி இல்லாமல் வேறு என்ன, இதை ஏன் மறைக்கிறார்கள் என்று அந்த ஆள் மேஜையைத் தட்டிக் கேட்கிறார். நீயும் கீழே "மாமா பதில் சொல்லுங்க" என்று என்னை இழுத்துவிட்டாய். அங்கே எழுதினால் கல்யாணப் பத்திரிகைக்கும் காலை வணக்கத்துக்கும் நடுவில் காணாமல் போகும், அதனால் இங்கே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

யாரும் எதையும் மறைக்கவில்லை மக்களே. 1919-ல் ஆன்டன் டிரெக்ஸ்லர் தொடங்கியபோது அது வெறும் ஜெர்மன் தொழிலாளர் கட்சி. 1920-ல்தான் முன்னால் 'தேசிய சோசலிச' என்று சேர்த்தார்கள். போரில் தோற்று, சோற்றுக்கு அல்லாடிய நாடு அது. தொழிலாளர்களில் பெரும்பகுதி சமூக ஜனநாயகக் கட்சியிலும் கம்யூனிஸ்டுகளிடமும் இருந்தது, சோசலிசம் என்றால் மதிப்பு இருந்தது, அந்தக் கூட்டத்தை இழுக்கவேண்டும் என்றால் அவர்கள் பழகிய சொல்லும் நிறமும் வேண்டும். கொடியில் சிவப்பு வந்ததும் சும்மா இல்லை.

சரி, சொல்லை எடுத்தார்கள், செய்தது என்ன? 1920 பிப்ரவரியில் 25 அம்சத் திட்டம் ஒன்று வெளியிட்டார்கள். அதில் 17-வது, பொதுத் தேவைக்கு நிலத்தை இழப்பீடு இல்லாமல் எடுக்கலாம் என்றது. கேட்க நல்ல சிவப்பாகத்தான் இருக்கிறது. நிலக்காரர்கள் முகம் சுளித்ததும் 1928-ல் ஹிட்லர் ஒரு விளக்கம் கொடுத்தார்: கட்சி தனிச்சொத்தை ஏற்கிறது, அந்த அம்சம் முக்கியமாக யூத நில வியாபாரக் கம்பெனிகளைப் பற்றியதுதான் என்று. பார்த்தாயா, சோசலிசம் எங்கே போய் நின்றது என்று? 1933 பிப்ரவரி 20-ம் தேதி இருபதுக்கும் மேற்பட்ட பெருமுதலாளிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தேர்தலுக்குப் பணம் வாங்கினார்கள். மார்ச்சில் டாக்காவ் வதைமுகாம் திறந்தது. முதலில் உள்ளே போனவர்கள் கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்களும்.

அடுத்து வருவதை நீ நிதானமாகப் படிக்கவேண்டும், ஏனென்றால் ரப்பர் தோட்டத்துச் சங்கத்தில் சந்தா நோட்டு எழுதிய எனக்கு அந்த வரலாற்றில் ரொம்ப உறுத்துவது அதுதான். 1933 மே முதல் நாளைச் சம்பளத்தோடு விடுமுறை என்று அறிவித்து, ஊர்வலம் வைத்து, தொழிலாளியின் மகிமையை மேடை போட்டுப் பேசினார்கள். சங்கத் தலைவர்கள் சிலரே அதில் கலந்துகொள்ளச் சொல்லி ஆட்களை அனுப்பினார்கள். மறுநாள், மே 2, நாடு முழுக்கத் தொழிற்சங்க அலுவலகங்களில் புகுந்து, தலைவர்களைப் பிடித்து, சங்கப் பணத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக முதலாளியும் தொழிலாளியும் ஒன்றாக உட்காருகிற 'ஜெர்மன் உழைப்பு முன்னணி' ஒன்று வந்தது, கூலி பேசும் உரிமை அதற்குக் கிடையாது, கூலியை முடிவு செய்ய அரசாங்கம் ஆள் போட்டது. வேலைநிறுத்தம் என்ற பேச்சே இல்லை. கட்சிக்குள்ளேயே பெயரின் 'சோசலிச' பாதியை நம்பிய சிலர் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஓட்டோ ஸ்ட்ராசர் 1930-ல் வெளியேறினார், அவர் அண்ணன் கிரெகோரை 1934 ஜூன் 30-ம் தேதி கொன்றார்கள்.

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் 'தேங்காய் எண்ணெய் சிப்ஸ்' என்று போர்டு வைத்துப் பாமாயிலில் பொரிக்கிற மாதிரி இது வெறும் ஏமாற்று என்று நீ நினைத்தால், பாதிதான் சரி. இங்கே போர்டின் இரண்டு பாதிக்கும் வேலை இருக்கிறது. ஒரு பாதி பட்டினி கிடப்பவனைக் கூப்பிடும், இன்னொரு பாதி அவமானப்பட்ட பெருமைக்காரனைக் கூப்பிடும். தொழிலாளி வந்து கணக்குக் கேட்டால் தேசம் முதலில் என்பார்கள், முதலாளி பயந்தால் இது அந்த சோசலிசம் இல்லை ஐயா என்பார்கள். எந்தப் பக்கம் பிடித்தாலும் வழுக்கும். வழுக்காமல் நிற்பது ஒன்றே ஒன்று, யார் எதிரி என்கிற பட்டியல்.

இதைச் சொன்னதும் உங்கள் இடதுசாரி ஆட்கள் மட்டும் யோக்கியமா என்பாய். இல்லை. கம்போடியாவில் லட்சக்கணக்கானவர்களைச் சாகடித்த கெமர் ரூஜ் கம்யூனிஸ்டுகள் நாட்டுக்கு வைத்த பெயர் ஜனநாயக கம்பூச்சியா, அதைப் பற்றி மேலே பேசவே வேண்டாம். நமக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இலங்கையைப் பார். மக்கள் விடுதலை முன்னணி மார்க்சியக் கட்சி என்றே தொடங்கியது. ஆனால் புதிய உறுப்பினர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று 'இந்திய விரிவாக்கம்' பற்றியது, அதில் மலையகத் தோட்டத் தமிழர்களை இந்தியாவின் கருவி என்று சந்தேகத்தோடு காட்டினார்கள். நம்ம குமரி மாவட்டத்துக் கீரிப்பாறைப் பக்கம் அரசு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிற, இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களை நினைத்துப் பார். கொழுந்து பறித்துக் கூனிப்போன அந்தச் சனத்தை விடவா ஒரு மார்க்சியனுக்குப் பாட்டாளி வேண்டும்? 1987-க்குப் பிறகு இந்திய இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்துத் 'தேசப்பற்று' என்ற பெயரில் இயங்கியபோது, ஒப்பந்தத்தை ஆதரித்த இடதுசாரிகளையே கொன்றார்கள். (பின்னால் ஆயுதத்தை விட்டுத் தேர்தலுக்கு வந்து, 2024-ல் அதன் தலைவர் ஜனாதிபதியும் ஆனார். அது தனிக்கதை.)

அப்புறம் நீ 'மாஸ்' என்று போட்ட அந்தக் கொடி. சிவப்புத் துணி, நடுவில் வெள்ளை வட்டம், ஸ்வஸ்திகா இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு அரிவாள் சுத்தியல். அது ரஷ்யாவில் எழுத்தாளர் லிமோனவும் தேசியவாதச் சிந்தனையாளர் டுகினும் 1993-ல் தொடங்கிய தேசிய போல்ஷ்விக் கட்சியுடையது, 2007-ல் அங்கே தீவிரவாத அமைப்பு என்று தடை செய்தார்கள். சோவியத் உடைந்து கையில் ஒன்றும் இல்லாமல் நின்ற இளைஞர்களுக்கு, ஸ்டாலினும் வேண்டும் பேரரசும் வேண்டும் ராக் இசையும் வேண்டும் என்ற கோபத்துக்கு அந்தக் கொடி பொருந்திப்போனது. அங்கேயே ஷிரினோவ்ஸ்கி என்று ஒரு தீவிர தேசியவாதி நடத்தியது தாராளவாத ஜனநாயகக் கட்சி. அவருடைய பேச்சைக் கேட்டால் இரண்டு சொல்லும் வெட்கப்பட்டு ஓடிவிடும்.

ஆனால் ஒன்று, இரண்டைக் கலந்தவனெல்லாம் ஆபத்தானவன் என்று நான் சொல்லவில்லை. பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா காந்தியிடமிருந்து கதர், பெரியாரிடமிருந்து சுயமரியாதை, அப்புறம் கம்யூனிசம், அதோடு கம்பனும் என்று எல்லாவற்றையும் சேர்த்தே சுமந்தார். 1954-ல் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராடி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டடிபட்டு விழுந்தவர்களின் கட்சிக்குத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்று பெயர், இனமும் மொழியும் பேசிய கட்சிதான். இவர்கள் யாரும் அடுத்தவன் சங்கத்தைப் பூட்டவில்லை, எதிர்த்துப் பேசியவனை முகாமில் அடைக்கவில்லை. ஜீவாவோடு மேடையில் சண்டை போட்டவர்கள் அன்று இரவு அவரவர் வீட்டுக்குத்தான் போனார்கள்.

அதனால் அந்த வீடியோக்காரர் அடுத்த முறை 'நாங்கள் இடதும் இல்லை வலதும் இல்லை, இரண்டின் நல்லதும் நாங்கள்' என்று ஆரம்பித்தால் கீழே இரண்டு கேள்வி போடு. உங்கள் ஆட்சியில் உங்களுக்குப் பிடிக்காத சங்கம் இயங்கலாமா? தோற்றால் நாற்காலியை விட்டு இறங்குவீர்களா? சுற்றி வளைக்காத பதில் வந்தால் எனக்கும் அனுப்பு, படிக்கிறேன்.

அன்புடன்,
மாமா