குளத்தை மூடச் சொல்வதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் தோட்டப் பக்கத்தில், "வீட்டுக் குளம் என்பது கொசுப் பண்ணை. மண்ணைக் கொட்டி மூடிவிடுவதே புத்திசாலித்தனம்" என்று வந்திருந்தது. இரண்டு முறை படித்தேன், மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்குப் பின்னால் 8 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு குளம் 11 வருடமாக இருக்கிறது. அதில் எந்த உயிரையும் நான் கொண்டுவந்து விட்டதில்லை. தண்ணீர் நிரப்பிய சில நாளிலேயே நீர்மேல் ஓடும் பூச்சிகள் வந்தன. அப்புறம் தட்டான்கள் வந்து வாலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிட்டன. அடுத்த மழைக்குத் தவளைகளும் வந்து சேர்ந்தன.

கொசுவும் அங்கே முட்டையிடத்தான் செய்யும். ஆனால் முட்டை கொசுவாகி வெளியேற, வெயில் காலத்தில்கூட ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அத்தனை நாள் அதை அங்கே யார் விட்டுவைக்கிறார்கள்? ஒருமுறை கொட்டகைக்குப் பின்னால் மறந்துபோன வாளியில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. ஒரு குவளை மொண்டு குளத்தோரம் ஊற்றிவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். தட்டானின் இளம்பூச்சி ஒன்று, இன்னும் பறக்கத் தெரியாதது, சேற்று நிறத்தில் அடியில் அசையாமல் கிடந்தது. புழு ஒன்று பக்கத்தில் வந்ததும், முகத்துக்கடியில் மடித்து வைத்திருந்த அதன் கீழ் உதடு விருட்டென்று நீண்டு, புழுவைக் கவ்விக்கொண்டு திரும்ப மடங்கியது. சாயங்காலம் பார்த்தபோது ஒரு புழுகூட இல்லை.

வாளியில் வேட்டையாட ஆள் இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடிப் போவதும் வாளி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு போன்றவற்றைத்தான். அதன் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அந்த வாளியைக் கவிழ்க்கச் சொல்லி உங்கள் பக்கத்தில் ஒரு வரி படித்ததாக எனக்கு நினைவில்லை.

இது முதல் தடவையும் இல்லை. தலைப்பிரட்டைகளின் படத்தைப் போட்டு, கீழே 'கொசுப்புழுக்கள்' என்று அச்சிட்டீர்கள். உடனே எழுதினேன், கடிதம் வெளிவரவில்லை. அதற்கும் முன்பு, எந்தக் குளமானாலும் கம்பூசியா மீனை விடுங்கள் என்று ஒரு கட்டுரை. அந்த மீன் கொசுப்புழுவோடு நிற்காது. தலைப்பிரட்டை, தட்டானின் இளம்பூச்சி எல்லாவற்றையும் தின்னும். கொசு ஒழிக்கவென்று வட அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் கொண்டுபோன அந்த மீன், இன்று உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்களின், அதாவது வெளியிலிருந்து வந்து பரவி உள்ளூர் உயிர்களைக் கெடுக்கும் இனங்களின், பட்டியலில் இருக்கிறது. ஆசிரியருக்குத் தெரியாத செய்தியா இது?

தேங்கிய நீரில் மண்ணெண்ணெய் ஊற்றலாம் என்று நீங்கள் எழுதிய மாதம், நான் வெளியூர் போயிருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் எனக்கு உதவுவதாக நினைத்து ஒரு பாட்டிலைக் குளத்தில் ஊற்றிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் நீர்மேல் பளபளவென்று எண்ணெய்ப் படலம், கரையோரம் வயிறு மேலாகத் தலைப்பிரட்டைகள். சிலவற்றுக்குப் பின்னங்கால் முளைத்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கரையேறியிருக்கும். அதற்கப்புறம் தவளைச் சத்தம் கேட்க இரண்டு மழைக்காலம் காத்திருந்தேன். அண்ணனிடம் என்னால் கோபிக்க முடியவில்லை. அச்சில் வந்ததை நம்பினார், அவ்வளவுதான்.

பாம்பு வரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருடத்தில் இரண்டு முறை வந்தது. தவளை தேடி வந்த விஷமில்லாத தண்ணீர்ப்பாம்பு, வந்த வழியே போய்விட்டது. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் குளத்தைச் சுற்றி வேலி வேண்டும் என்று எழுதியிருந்தால், சரி என்று ஒப்புக்கொண்டிருப்பேன்.

பெரிய மறுப்பு எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில் இடம் கொடுத்தால் போதும். குளத்தின் ஒரு கரையையாவது சரிவாக விடுங்கள், குருவி இறங்கிக் குளிக்கவும், தவறி விழுந்த சிறு உயிர்கள் ஏறி வரவும் வழி இருக்கும். மீன் விட வேண்டாம். வாளியைக் கவிழ்த்து வையுங்கள். இவ்வளவையும் போட்டுவிட்டு, அந்தத் தலைப்பிரட்டைப் படத்துக்கும் ஒரு வரி திருத்தம் வெளியிட்டால் நன்றி.

இப்படிக்கு,
19 வருடமாக உங்கள் பத்திரிகையைப் படித்துவரும் வாசகி