பொங்கலன்று நடந்த ஓட்டு

டி மொயின், அயோவா
20.1.2024

அன்புள்ள சண்முகம்,

பொங்கல் வாழ்த்துக்குக் கீழே, 'நம்ம பாலக்காட்டுப் பையன் ஜெயிச்சிருவானாடா?' என்று கேட்டிருந்தாய். அதை நான் பார்த்தபோது ஓட்டே எண்ணி முடித்துவிட்டார்கள். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க இங்கே நடந்த ஓட்டில் விவேக் ராமசாமிக்கு நாலாவது இடம். அன்றைக்கு ராத்திரியே போட்டியிலிருந்து விலகி, டிரம்ப்புக்கு ஆதரவு என்றும் சொல்லிவிட்டார். இவ்வளவுதான் பதில் என்றால் வாட்ஸப்பிலேயே போட்டிருப்பேன். என் வீட்டிலேயே ஒரு தொண்டர் இருந்தாரே, அதனால்தான் இந்தக் கடிதம். உன் முழங்காலுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று நீ எழுதவே இல்லை. எழுது.

என் பையன் கார்த்தி ஆறு மாதமாக விவேக்குக்காக வேலை பார்த்தான். இருபத்திரண்டு வயது. காரில் பாதி இடம் துண்டுப் பிரசுரம், மீதி இடம் வாசலில் நடுகிற பலகைகள். அவருடைய கொள்கைகள் எனக்கு ஒத்துவராது. அவனுக்கும் எனக்கும் அதில் பலநாள் சண்டை. ஆனால் எனக்குப் புரியாமல் இருந்தது கொள்கை அல்ல. கருத்துக்கணிப்பில் ஒற்றை இலக்கத்தில் கிடக்கிற ஆள் ஜெயிப்பார் என்று படித்த பையன் எப்படி நம்புகிறான் என்பதுதான். தினம் சாப்பாட்டு மேசையில் கேட்டுக்கேட்டு, இப்போது கொஞ்சம் புரிகிறது.

இங்கே காக்கஸ் என்று ஒரு முறை. நம் ஊர் வாக்குச்சாவடி மாதிரி காலை முதல் மாலை வரை திறந்திருக்காது. ராத்திரி ஏழு மணிக்கு அந்தந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடத்திலோ சர்ச்சிலோ கட்சிக்காரர்கள் கூட வேண்டும். குடியரசுக் கட்சியில், ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒருவர் எழுந்து பேசுவார், பிறகு சீட்டில் பேர் எழுதிப் போடுவார்கள், எல்லார் முன்னாலும் எண்ணுவார்கள். சின்ன மாநிலம், யார் வேண்டுமானாலும் வேட்பாளரின் கையைக் குலுக்கலாம். நாளைக்கு அதிபராகப் போகிறவர் என்று நினைக்கிற ஆள் பிட்ஸாக் கடையில் உன் எதிரே உட்கார்ந்து பதில் சொல்கிறார். மாநிலத்தில் மொத்தம் 99 கவுண்ட்டி, அதாவது உள்ளாட்சிப் பிரிவு. விவேக் அத்தனையையும் இரண்டு சுற்று சுற்றினார். இவ்வளவு பக்கத்தில் பார்த்த ஆளைத் தோற்கப் போகிறவராக நினைக்க மனசு வருமா?

அடுத்தது ஒபாமா கதை. இங்கே எந்தக் கட்சிக்காரனாக இருந்தாலும், பின்னால் கிடக்கிற வேட்பாளரின் தொண்டன் இதைத்தான் முதலில் எடுப்பான். 2008 ஜனவரியில், இதுவரை காக்கஸ் பக்கமே வராதவர்களை ஒபாமா அழைத்துவந்தார். 2004-இல் ஜனநாயகக் கட்சிக் கூட்டங்களுக்கு வந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். 2008-இல் கிட்டத்தட்ட 2,40,000. ஒபாமா ஜெயித்தார், ஹிலாரி கிளிண்டன் மூன்றாவது இடத்துக்குப் போனார். நான் அப்போது இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம், ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன். நாற்காலி போதாமல் ஜனங்கள் வராந்தாவில் நின்றார்கள். "கருத்துக்கணிப்புக்காரன் பழைய ஆட்களுக்குத்தானே போன் போடுவான், எங்க ஆளுங்க முதல் தடவை வர்றவங்கப்பா" என்று கார்த்தி சொன்னபோது எனக்கு அந்த வராந்தா ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம்தான் பழையதைத் தேடிப் பார்த்தேன். சண்முகம், அந்தக் கதையில் பாதியை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். 2008-இல் கணிப்பு தோற்கவே இல்லை. இங்குள்ள 'டி மொயின் ரெஜிஸ்டர்' பத்திரிகைக்காகக் கணிப்பு எடுத்த ஆன் செல்சர், காக்கஸுக்கு மூன்று நாள் முன்னாலேயே ஒபாமா 32 சதவீதம், கிளிண்டன் 25 என்று சொல்லியிருந்தார். வரப்போகிறவர்களில் அறுபது சதவீதம் பேர் புதியவர்கள் என்றும் சொல்லியிருந்தார். மற்ற அணிக்காரர்கள் அதைக் கேலி செய்தார்கள். அதே அம்மாள் இந்தத் தடவை கடைசியாகச் சொன்னது: டிரம்ப் 48 சதவீதம், மற்ற போட்டியாளர்களில் ஹேலி 20, டிசாண்டிஸ் 16, விவேக் 8. விவேக்குக்கு வந்தது 7.7. புதியவர்கள் நிஜமாகவே வருவதாக இருந்தால் அது கணிப்பிலும் தெரியும் போலிருக்கிறது. இதை நான் கார்த்தியிடம் சனிக்கிழமை சொன்னேன். "அந்த எட்டைப் பதினெட்டுனு திங்கக்கிழமை பாருங்க" என்றான்.

இன்னொன்று, எது நடந்தாலும் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்வது. டிசம்பரில் விவேக் தரப்பு டிவி விளம்பரத்தை நிறுத்தியது. பணம் வற்றிவிட்டது என்று நான் நினைத்தேன். "டிவியில காசைக் கொட்டுறது முட்டாள்தனம்னு அவருக்குத்தான் தெரிஞ்சிருக்கு" என்றான் இவன். காக்கஸுக்கு இரண்டு நாள் முன்பு டிரம்ப்பே விவேக்கைத் தாக்கி எழுதினார். அன்றைக்கு வீட்டில் தீபாவளி! "நாம ஏறாம இருந்தா அவர் எதுக்குப்பா திட்டணும்?" கொலராடோ உச்ச நீதிமன்றம் டிரம்ப் பேரை வாக்குச்சீட்டிலிருந்து நீக்கச் சொன்னபோதும் கணக்கு தயாராக இருந்தது. அவர் விழுந்தால் அவர் ஓட்டெல்லாம் யாருக்கு வரும்?

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. டிராக்டர் மெக்கானிக், இப்போது ஓய்வு. 2012-இல் இதே கட்சியில் போட்டியிட்ட ரான் பால் மேல் பைத்தியம். அந்த வருஷக் காக்கஸில், போட்டியிட்டவர்களில் ராம்னி எட்டு ஓட்டில் ஜெயித்தார் என்று அறிவித்தார்கள், இரண்டு வாரம் கழித்து இல்லை, சான்டோரம்தான் 34 ஓட்டு கூடுதல் என்றார்கள். ரான் பால் 21 சதவீதத்தோடு மூன்றாவது. பெரியவர் அலட்டிக்கொள்ளவில்லை. சீட்டுப் போட்டு முடிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அதற்குப் பிறகுதான் அடுத்த மாநாட்டுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள், நாங்கள் கடைசிவரை உட்கார்ந்திருந்தோம் என்றார். கவுண்ட்டி மாநாடு, மாவட்ட மாநாடு, மாநில மாநாடு என்று ஒவ்வொன்றிலும் உட்கார்ந்தார்கள். ஆகஸ்டில், பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டு வேட்பாளரை முடிவுசெய்யும் டாம்பா தேசிய மாநாட்டில் அயோவாவின் 28 ஓட்டில் 22 ரான் பாலுக்கு! மே மாதக் கடைசியிலேயே ராம்னி வேட்பாளராகத் தேவையான பிரதிநிதிகள் எண்ணிக்கை சேர்ந்துவிட்டது என்பது வேறு விஷயம். இன்றைக்கும் கேட்டால் "அயோவாவில் நாங்கள்தான் ஜெயித்தோம்" என்பார். அவரைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியவில்லை. விதிமுறைப் புத்தகத்தை அந்தத் தெருவில் முழுசாகப் படித்த ஒரே ஆள் அவர்தான்.

திங்கட்கிழமை பொங்கலல்லவா. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக்குப் பக்கம், மூக்கு விறைத்துப்போகிறது. சர்க்கரைப் பொங்கலை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு கார்த்தி பள்ளிக்கூடத்துக்குப் போனான், நானும் பார்வையாளனாகக் கூடப் போனேன். எங்கள் கூட்டத்தில் நூற்று நாற்பது பேர். இவன் கணக்கில் ஐம்பது உறுதி. பேசவும் செய்தான், நன்றாகவே பேசினான், கைதட்டினார்கள். மேசையில் சீட்டெண்ணும்போது பதினேழில் நின்றுவிட்டது. ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே டிரம்ப் ஜெயித்துவிட்டதாகச் செய்தி நிறுவனங்கள் அறிவித்துவிட்டன, வரிசையில் நின்ற பலர் போனில் அதைப் பார்த்தார்கள். டிசாண்டிஸ் ஆட்களுக்கு அதில் ஏகக் கோபம். 99 கவுண்ட்டியில் ஒன்றே ஒன்றில் டிரம்ப் தோற்றார், அதுவும் ஹேலியிடம் ஒற்றை ஓட்டில்.

காரில் வரும்போது கார்த்தி ஒன்றும் பேசவில்லை. பாதி வழியில், "வீடு வீடாப் போய்க் கேட்டேம்ப்பா, எல்லாரும் சரின்னுதான் சொன்னாங்க" என்றான். எனக்கு நம் கல்லூரித் தேர்தல் ஞாபகம் வந்துவிட்டது. நீ சேர்மனுக்கு நின்றாய். ஹாஸ்டலில் ஒரு அறை விடாமல் தட்டினோம், அத்தனை பேரும் 'உனக்குத்தான்டா' என்றார்கள். டீக்கடையில் உட்கார்ந்து அறுநூறு என்று எழுதினோமே, வந்தது நூற்றுப் பன்னிரண்டு. கதவைத் திறந்து முகம் பார்த்துப் பேசுகிறவனுக்கு இல்லை என்று சொல்ல வாய் வருமா? திறக்காத கதவை நாம் எண்ணவே இல்லை. அந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்சம் சிரித்தான். "சண்முகம் மாமா அப்புறம் நிக்கவே இல்லையா?" என்று கேட்டான். அடுத்த வருஷமும் நின்றான் என்றேன்.

வரும் செவ்வாய்க்கிழமை அடுத்த மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் ஓட்டு. அங்கே கட்சி சேராதவர்களும் ஓட்டுப் போடலாம், அதனால் ஹேலிதான் என்று என் அலுவலகத்தில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். காரணங்களை வரிசையாக அடுக்குகிறார். நான் தலையாட்டிக்கொண்டு கேட்டேன்.

நேற்று கார்த்தி பலகைகளையெல்லாம் காரிலிருந்து இறக்கி வந்து, கீழ்த்தளத்தில் வைத்தால் 2028 வரைக்கும் கெடாமல் இருக்குமா என்று கேட்டான். பனி உருகும்போது அங்கே தண்ணீர் கசியும், மேல் பரணில் போடு என்று சொன்னேன்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்,
ராமையா