செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் இலவச சர்க்கரை நோய் முகாம் ஒன்றின் படம் வந்திருந்தது. பத்துப் பதினைந்து பேர் விரலை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். அத்தனை பேர் காலிலும் செருப்பு. என் கண் நேராக அங்கேதான் போயிற்று.

நான் ஓய்வுபெற்ற தபால்காரன். 31 வருடம் சைக்கிளிலும் நடையிலுமாகக் கடிதம் கொடுத்த கால் இது. சுகர் வந்து 14 வருடம். எங்கே முகாம் போட்டாலும் ஆஜராகிவிடுவேன். முந்தின இரண்டு நாள் சோற்றைக் குறைத்து, டீயில் சர்க்கரையை நிறுத்தி, வெறும் வயிற்றில் 118 என்று சீட்டு வாங்கி வந்து வீட்டில் பெருமையடிப்பேன். (சிரிப்பவர்களில் பாதிப்பேர் இதையே செய்கிறவர்கள்தான், எனக்குத் தெரியும்.) ஒரு முகாமிலும் என் காலை யாரும் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை.

போன வருடம் சித்திரை பௌர்ணமிக்கு முதல் நாள், கூட்டத்துக்குப் பயந்து மத்தியானமே திருவண்ணாமலையில் கிரிவலம் கிளம்பினோம். 14 கிலோமீட்டர், வெறுங்கால், தார் ரோடு. என் மனைவி ஒரு மர நிழலிலிருந்து இன்னொரு நிழலுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். "ஏங்க, உங்களுக்குச் சுடலையா?" என்றாள். "அண்ணாமலையார் கூட வர்றப்ப எப்படிச் சுடும்?" என்றேன். உண்மையாகவே சுடவில்லை.

மூன்றாம் நாள் காலை பாயில் ஈரம். உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து தோல் தொங்குகிறது, வலி மட்டும் இல்லை. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போட்டுப் பத்து நாள் ஓட்டினேன். பெருவிரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரி. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

அங்கே ரத்தத்தில் எடுத்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.8 சதவீதம். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் இருக்குமாம். அதில் ஒட்டிய சர்க்கரை அத்தனை நாள் கதையையும் சொல்லிவிடும். என் இரண்டு நாள் பத்தியம் அதனிடம் பலிக்கவில்லை. கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பதும், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்ப்பதும் வருடம் ஒருமுறை செய்ய வேண்டியவை என்பதும் அங்கேதான் தெரிந்தது.

பிறகு ஒரு நர்ஸம்மா தூண்டில் நரம்பு போன்ற நைலான் இழையை எடுத்துக்கொண்டு வந்தார். 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும் இழை. என்னைக் கண்ணை மூடச் சொல்லி, நல்ல காலில் பத்து இடத்தில் தொட்டார். நான் "தெரியுது" என்று சொன்னது மூன்று முறை. கண்ணைத் திறந்தால் என் மனைவி அழுதுகொண்டிருக்கிறாள்.

இப்போது போடுவது எம்.சி.ஆர். செருப்பு, அதாவது தொழுநோயாளிகளுக்கும் கொடுக்கிற நுண்துளை ரப்பர் செருப்பு. தெருவில் ஒருவர் "உனக்குக் குஷ்டமா?" என்று கேட்டே விட்டார். அவர் கேட்டதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் தானாக அழுகுவதில்லை, உணர்ச்சி போனதால் தெரியாமல் படும் காயம்தான் அழிக்கிறது என்று கண்டு சொன்னார். சர்க்கரை நரம்பைக் கெடுத்து உணர்ச்சி போன என் காலுக்கும் நடந்தது அதுதான். மெத்தென்ற அந்த ரப்பர் இரண்டு பேருக்கும் பொதுவாகிவிட்டது.

இப்போதெல்லாம் ராத்திரி சவரக் கண்ணாடியை உள்ளங்காலுக்கு அடியில் பிடித்துப் பார்த்த பிறகுதான் படுக்கை. செருப்புக்குள் கையை விட்டுத் தடவாமல் போடுவதில்லை. போன மாதம் உள்ளே ஒரு குண்டூசி கிடந்தது.

முகாம் நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: விரலில் குத்தும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போடுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி அந்த இழையால் தொட்டுப் பாருங்கள். கரண்ட் வேண்டாம், மெஷின் வேண்டாம். ஆளுக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
போளூர்.