ஒலியைப் பிரித்து வை, எழுத்தைக் கூராக வை

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய நேர்காணல் வீடியோவை முழுக்கப் பார்த்தேன். கேள்விகள் எல்லாமே அருமை. விருந்தினர் பேசும்போது இசையை மட்டும் எப்படிக் குறைப்பது, சிவப்புத் தலைப்பு ஏன் மங்கலாக இருக்கிறது என்று கேட்டிருந்தாய். இரண்டையுமே ரெக்கார்டிங் பட்டனை அழுத்தும் முன்பே கவனித்திருக்க வேண்டும். எடிட்டிங்கில் உட்கார்ந்த பிறகு சரிசெய்ய முடிவது ரொம்பக் கொஞ்சம்.

உன் குரல், விருந்தினர் குரல், இசை மூன்றும் ஒரே ட்ராக்கில், அதாவது ஒரே ஒலித்தடத்தில், விழுந்திருக்கின்றன. குரலைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஆனால் பிரித்த குரலில் ஒரு தகரச் சத்தம் ஒட்டிக்கொள்ளும். நல்ல பேச்சை அப்படிக் கெடுக்க எனக்கு மனம் வராது.

ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் ஆறு ட்ராக் வரை பதிவு செய்யலாம். அவுட்புட் அமைப்பை 'அட்வான்ஸ்டு' என்று மாற்றி, ரெக்கார்டிங் பகுதியில் தேவையான ட்ராக்குகளை டிக் செய். அப்புறம் எந்த ஒலி எந்த ட்ராக்குக்குப் போகவேண்டும் என்று ஆடியோ ப்ராப்பர்ட்டீஸில் குறித்துவிடு. முதல் ட்ராக்கில் எல்லாம் கலந்தே இருக்கட்டும். சாதாரண ப்ளேயர்கள் பெரும்பாலும் அதைத்தான் ஒலிக்கும். இரண்டில் நீ, மூன்றில் விருந்தினர், நான்கில் இசை. விருந்தினரோடு பேசும் அழைப்பும் இசையும் ஒரே கணினியில் ஓடினால், விண்டோஸில் 'அப்ளிகேஷன் ஆடியோ கேப்சர்' வைத்து இரண்டையும் தனித்தனியாக எடுக்கலாம்.

ஹெட்போன் கட்டாயம். ஸ்பீக்கரில் வரும் விருந்தினர் குரல் உன் மைக்குக்குள் புகுந்துவிட்டால், ட்ராக்கைப் பிரித்தும் பயனில்லை. ஒலி மீட்டரில் குரலின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலியலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.

தனி ரெக்கார்டர் வாங்கப் போவதாகச் சொன்னாய். வாங்கினால் எல்லாக் கருவியையும் 48,000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலி அளவீடுகள்) வை, தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு முறை கைதட்டு. இரண்டு கருவிகளின் கடிகாரம் துல்லியமாக ஒத்துப்போகாது. நொடிக்கு ஒரே ஒரு சாம்பிள் கூடினாலும் ஒரு மணி நேரத்தில் 3,600 சாம்பிள் சேர்ந்துவிடும். அதாவது 75 மில்லிநொடி; நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் வீடியோவில் கிட்டத்தட்ட இரண்டு ஃப்ரேம். ஆரம்பத்தில் பொருந்திய உதடு கடைசியில் பிசகுவது இதனால்தான். முடிவில் தட்டிய தட்டு எவ்வளவு விலகியிருக்கிறதென்று பார்த்து ஒலியை அந்த அளவுக்கு இழுத்துக்கொள்ளலாம்.

சரி, சிவப்பு எழுத்து. நாம் வெளியிடும் வீடியோக்கள் பெரும்பாலும் 4:2:0 என்ற நிறச் சுருக்க முறையில்தான் சேமிக்கப்படுகின்றன. வெளிச்சம் 1920×1080 அளவில் முழுசாக இருக்கும். நிறம் மட்டும் 960×540ஆகச் சுருங்கிவிடும். நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவல். கருநீலத்தின் மேல் சிவப்பு எழுத்து வைத்தாய். இரண்டுக்கும் வெளிச்ச வித்தியாசம் கொஞ்சம்தான், எழுத்தின் விளிம்பைக் காட்ட நிறம் ஒன்றுதான் மிச்சம். அந்த நிறமே பாதித் துல்லியத்தில் இருந்தால் விளிம்பு கசியத்தானே செய்யும்? பிட்ரேட்டை, அதாவது நொடிக்குச் சேமிக்கும் தகவலின் அளவை, ஏற்றினாலும் இது தீராது. அதே நீலத்தின் மேல் வெள்ளையோ வெளிர்மஞ்சளோ வைத்துப் பார், கத்தி மாதிரி நிற்கும்.

உன் திரை 1366×768, வீடியோ 1920×1080. திரையை வீடியோ அளவுக்குப் பெரிதாக்கினால் ஏறத்தாழ 1.4 மடங்கு. ஒரு பிக்சல் ஒன்றே கால் பிக்சலாகவோ ஒன்றரைப் பிக்சலாகவோ ஆக முடியாதே. பக்கத்துப் பிக்சலோடு கலந்துதான் ஆகும். 1080 காட்டும் மானிட்டர் கிடைத்தால் திரை, கேன்வாஸ் (ஓபிஎஸ்ஸில் காட்சிகளை அடுக்கும் பரப்பு), அவுட்புட் மூன்றையும் அதே அளவில் வைத்து, எழுத்தைச் சிஸ்டம் அமைப்பில் பெரிதாக்கிக்கொள். லோகோவை ஜேபெக்காக வைக்காதே. பிஎன்ஜியோ எஸ்விஜியோ கேட்டு வாங்கு. இரண்டு மடங்கு ஜூம் செய்யப் போகும் படத்தை இரண்டு மடங்கு அளவிலேயே தயாரித்துக்கொள்.

பதிவை எம்கேவி வகைக் கோப்பாக எடுத்து, பிறகு எம்பி4 ஆக மாற்று. சாதாரண எம்பி4 பதிவின் நடுவில் மின்சாரம் போனால் கோப்பே திறக்காமல் போகலாம்.

அடுத்த நேர்காணலுக்கு முன் ஒரு நிமிடம் சோதனைப் பதிவு எடுத்து, ஒவ்வொரு ட்ராக்கையும் தனியாகக் கேள். விருந்தினர் ட்ராக்கில் உன் குரல் கேட்டால் அந்தக் கோப்பை எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அண்ணன்