முன்னோடிகள் வரிசையில் குவாராவும் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், டியர் லாட்ஜ் ஊரை ஒட்டியுள்ள கிராண்ட்-கோர்ஸ் மாட்டுப்பண்ணையைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். பண்ணையின் வரலாற்றை, 1866இல் அதை விலைக்கு வாங்கிய கான்ராட் கோர்ஸிடமிருந்தே கட்டுரை தொடங்கியிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

அங்குள்ள வீட்டை 1862இல் கட்டியவர் ஜானி கிராண்ட். மேற்கு நோக்கி வண்டி கட்டிச் சென்ற குடியேறிகளிடம், நடந்து நடந்து இளைத்துப்போன இரண்டு மாடுகளைப் பெற்றுக்கொண்டு, தெம்பான ஒரு மாட்டைக் கொடுப்பது அவருடைய வழக்கம். இளைத்த மாடுகளை மேய்ச்சலில் விட்டுத் தேற்றி, மறு ஆண்டு வருகிறவர்களிடம் அவற்றையே மாற்றுவார். இப்படித்தான் அவரது மந்தை பெருகியது. அவருடைய மனைவி குவாரா, ஷோஷோனி பழங்குடிப் பெண். குடியேறிகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அந்தப் பகுதிகளில் வாழ்ந்துவந்த மக்களை விட்டுவிட்டு முன்னோடிகளின் மரபைப் பேசினால், அது பாதி வரலாறாகவே இருக்கும்.

கோர்ஸின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. தங்கச் சுரங்க முகாமில் இறைச்சிக் கடை நடத்தி முன்னேறியவர் அவர். திறந்தவெளி மேய்ச்சலையே நம்பியிருந்த மந்தைகள் 1886-87 கடுங்குளிரில் கொத்துக்கொத்தாக மடிந்தபோது, பலர் தொழிலையே கைவிட்டனர், அவர் தாக்குப்பிடித்தார். வேலியடைத்து, குளிர்காலத்துக்குப் புல் அறுத்துச் சேமிக்கும் முறை அந்த அழிவுக்குப் பிறகே மேய்ச்சல் நாடெங்கும் வேரூன்றியது.

அமெரிக்க நாடாளுமன்றம் 1972இல் தேசிய வரலாற்றுத் தலமாக்கிய அந்தப் பண்ணையில் இன்றும் மாடுகள் மேய்கின்றன. நான் சென்றிருந்த கோடையில், குதிரைகள் கயிற்றை இழுக்க, உலர்ந்த புல் ஓர் உயரமான மரச் சாய்தளத்தில் மெல்ல ஏறி, உச்சியைத் தாண்டி மறுபுறம் போராகச் சரிவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய கட்டடங்களுக்குச் சாயம் பூசுவதைவிட, அவற்றில் நடந்த வேலையைத் தொடர்ந்து செய்வதே மேலான பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து. கட்டுரை இதைத் தொடாதது பெருங்குறை.

கட்டுரையில் கிராண்டின் பெயர் பண்ணையின் பெயரளவில் மட்டுமே வருகிறது. குவாராவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அடுத்த ஞாயிறு மலரில் இவ்விருவரைப் பற்றியும் ஒரு பத்தியேனும் வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்