அவள் பெயரைச் சொல்

தங்கச்சிமடம்

அன்புள்ள மகனுக்கு,

உன் கூட்டாளியின் மனைவி இறந்து நேற்றோடு 22 நாள். நீ அனுப்பிய செய்தியை அவனே எனக்குக் காட்டினான். 'எல்லாம் ஆண்டவருடைய சித்தம், தைரியமாக இரு' என்று எழுதியிருந்தாய். நல்ல மனத்தோடுதான் எழுதியிருக்கிறாய். அவனோ ஒன்றும் சொல்லாமல் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டான். அதைப் பார்த்த பிறகு உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

வாடைக் காற்றில் உன் அப்பாவின் வல்லம் கவிழ்ந்தபோது நீ ஆறாம் வகுப்பு. உடல் கிடைக்கவில்லை. துக்கத்துக்கு வந்த பலரும் இதையேதான் சொன்னார்கள். ஆண்டவருடைய சித்தத்தை நானும் நம்புகிறவள்தான். ஆனால் அன்று அது, ஆண்டவரே கையை நீட்டி அவரைத் தண்ணீருக்குள் அமுக்கினார் என்பதுபோல என் காதில் விழுந்தது. பல மாதம் செபமாலையைத் தொடவில்லை.

மேலத்தெருப் பெரியம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்துபோய் உனக்கும் தங்கச்சிக்கும் கஞ்சி காய்ச்சினார். முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லாரும் அவரவர் வேலைக்குத் திரும்பிய பிறகும் அவர் வந்துகொண்டே இருந்தார். நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மெழுகுதிரி ஏற்ற எனக்கு ஒரு கல்லறை இல்லை. அவர்தான் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், மணலில் குழி பறித்து, காற்று அணைத்துவிடாதபடி திரியை உள்ளே நட்டுவைத்தார். அன்றுதான் எனக்கு மறுபடியும் செபம் வந்தது.

யோவான் நற்செய்தி 11ஆம் அதிகாரத்தை எடுத்துப் படி. லாசரைப் புதைத்து நான்கு நாள். மார்த்தாவும் மரியாவும் தனித்தனியே வந்து ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டான். ஆண்டவர் இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. மார்த்தாவிடம் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியா அழுததைக் கண்டு தாமும் அழுதார். சற்று நேரத்தில் லாசரை எழுப்பப்போவது அவருக்குத் தெரியும்; தெரிந்தும் அழுதார். விசுவாசிகள் அழக்கூடாது என்று யார்தான் சொல்லிவைத்தார்களோ!

அவனுக்குப் போன் செய். விளக்கம் எதுவும் வேண்டாம். வீட்டில் யாரும் அவள் பெயரையே எடுப்பதில்லை என்று வருந்துகிறான். நீ அவள் பெயரைச் சொல். நீ ஊரிலிருந்து கிளம்பும்போதெல்லாம் அவள் கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தைப் பற்றிப் பேசு. அவன் அழுதால் போனை வைத்துவிடாதே.

அடுத்த வாரம் முப்பதாம் நாள். அன்றைக்கு வீடு நிறைய ஆள் இருக்கும். அதற்கு மறுவாரமும் அவனைக் கூப்பிடு.

மதியச் சோறு நான்தான் கொண்டுபோகிறேன். நேற்று இரண்டு கவளம் சாப்பிட்டான்.

அன்புடன்,
அம்மா